ஏ375 மெலனோமா செல் லைன்: மூணு வருஷம் வளர்த்த அனுபவத்துல ஒரு ரிவ்யூ

ஏ375 வாங்கலாமா, எப்படி வளர்க்கறது, நம்ம லேப்ல தாங்குமான்னு இந்த ஒரு மாசத்துல மட்டும் மூணு பேர் கேட்டுட்டாங்க. மூணு பேருமே சென்னையில புதுசா பிஎச்டி சேர்ந்தவங்க, ரெண்டு பேர் கிண்டி பக்கம், ஒருத்தங்க தாம்பரம் தாண்டி. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் அனுப்பும்போது ஏதாவது ஒண்ணு விட்டுப் போயிடுது, அதனால தெரிஞ்சதை எல்லாம் ஒரே இடத்துல எழுதி வச்சிடறேன். 2022 நடுவுல இருந்து தரமணியில ஒரு லேப்ல இந்த செல்ஸை நான் வளர்த்துட்டு வர்றேன். நடுவுல ரெண்டு தடவை முழுசா போச்சு, அந்தக் கதையும் கீழ இருக்கு.

முதல்ல இது என்னன்னு தெரியாதவங்களுக்கு. மெலனோமான்னா தோல்ல நிறம் குடுக்குற மெலனோசைட் செல்லுல வர்ற கேன்சர். ஏ375ங்கிறது அந்த மாதிரி ஒரு கட்டியில இருந்து எடுத்து, இன்னிக்கு வரைக்கும் உலகம் பூரா லேப் லேபா வளர்ந்துட்டே இருக்குற செல்ஸ், இப்படி விடாம வளர்றதைத் தான் செல் லைன்னு சொல்வாங்க. அமெரிக்காவுல ஜியார்டும் கூட இருந்தவங்களும் 1973ல இதைப் பத்தி எழுதினாங்க. எடுத்தது 54 வயசு அம்மா ஒருத்தங்க கிட்ட இருந்து. அதே பேப்பர்ல தான் இன்னொரு வகைத் தோல் கேன்சர் லைனான ஏ431ம் இருக்கு, நுரையீரல் கேன்சர்ல வேலை பண்றவங்க எல்லாரும் வச்சிருக்கிற ஏ549ம் இருக்கு, அதாவது மூணும் கூடப்பிறந்த மாதிரி. அந்த அம்மா பேர் என்னன்னு நமக்குத் தெரியாது. அம்பது வருஷமா அவங்க செல்ஸ் மேல எத்தனையோ மருந்தை ஊத்திப் பார்த்திருக்காங்க, ஃபிளாஸ்க் மேல மார்க்கர்ல ஏ375னு எழுதும்போதெல்லாம் எனக்கு அவங்க ஞாபகம் வரும்.

வளர்க்கறதுக்கு எப்படின்னு கேட்டா, தங்கமான செல். இதுக்கு மேல சுலபமா ஒரு மெலனோமா லைன் கிடைக்காது. டிஎம்இஎம்ங்கிற மீடியாவுல (செல்லுக்குச் சாப்பாடு குடுக்குற திரவம்) 10 சதவீதம் எஃப்பிஎஸ் (கன்னுக்குட்டிக் கருவோட ரத்தத்துல இருந்து எடுக்கிற சீரம்), 37 டிகிரி, 5 சதவீதம் சிஓ2, அவ்வளவு தான். தனியா இன்சுலின் போடு, வளர்ச்சிக் காரணி போடுன்னு எதுவும் கேட்காது. கிட்டத்தட்ட 20 மணி நேரத்துக்கு ஒரு தடவை ரெண்டு மடங்காகும். இன்னிக்கு காலையில டி25 ஃபிளாஸ்க்ல 5 லட்சம் செல் போட்டா ரெண்டு நாள்ல தரை தெரியாது. ஒட்டியிருக்கிற செல்லைக் கழட்டுற ட்ரிப்சின் என்சைம் போட்ட உடனே மைக்ராஸ்கோப்ல பார்த்தா உருண்டையா, ஓரம் எல்லாம் மின்னிக்கிட்டு மிதக்கும், சாயங்காலத்துக்குள்ள தரையில உட்கார்ந்துடும், மறுநாள் காலையில பார்த்தா ரெண்டு பக்கமும் கொஞ்சம் கூர்மையா நீண்டு, பக்கத்துல இருக்கிறதைத் தொட்டுக்கிட்டு அழகா படர்ந்திருக்கும். முதல் தடவை அதைப் பார்த்தப்ப எங்க சீனியர் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவங்க பார்த்துட்டு "இது தான்டி ஏ375, இந்த ஷேப்பை மனசுல பதிய வச்சுக்கோ, என்னைக்காவது வேற மாதிரி தெரிஞ்சா அன்னைக்கே சந்தேகப்படு"ன்னு சொன்னாங்க. மூணு வருஷத்துல எனக்குக் கிடைச்ச நல்ல அறிவுரை அது.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன், மெலனோமான்னா கருப்பா இருக்கும்னு நினைச்சு வாங்காதீங்க. இதுல நிறமி ரொம்பக் கம்மி. சென்ட்ரிஃப்யூஜ் பண்ணி எடுத்தா அடியில மாவு மாதிரி வெளிர் நிறத்துல தான் உட்காரும். எலியோட பி16-எஃப்10 செல்ஸ் பார்த்தவங்களுக்கு கரி மாதிரி கருப்பா பெல்லட் வந்து பழக்கம் இருக்கும், அதை வச்சு "எனக்கு தப்பான செல் அனுப்பிட்டாங்க"ன்னு பயப்படாதீங்க. மெலனின் உற்பத்தியைப் பத்தி தான் உங்க வேலைன்னா ஏ375 உங்களுக்கு இல்ல.

இனி வாங்கின கதை. முதல் வயல் (செல்லை உறைய வச்சு அனுப்புற சின்னக் குப்பி) ஒரு சப்ளையர் கிட்ட ஆர்டர் பண்ணோம், பேர் வேணாம். மே மாசம். புதன்கிழமை கிளம்பிடுச்சுன்னு மெயில் வந்துச்சு, வியாழன் வரும்னு நான் ராத்திரி எட்டு மணி வரைக்கும் லேப்ல உட்கார்ந்திருக்கேன், வரல. வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு வாசல்ல இருந்து செக்யூரிட்டி அண்ணன் போன் பண்ணி "பாப்பா உனக்கு தெர்மாகோல் பொட்டி ஒண்ணு வந்திருக்கு, லேசா இருக்கு"ன்னு சொன்னாரு. லேசா இருக்குன்னு சொன்னப்பவே எனக்கு பகீர்னு ஆயிடுச்சு, ஏன்னா ட்ரை ஐஸ் இருந்தா அது கனமா இருக்கணும். திறந்து பார்த்தா உள்ள ட்ரை ஐஸ் ஒரு துண்டு கூட இல்ல, வயல் தண்ணியா கரைஞ்சு கிடக்கு. இருந்தாலும் மனசு கேக்கல, மீடியாவுல போட்டு, செத்த செல்லுல மட்டும் நீலம் ஏத்துற ட்ரிபான் ப்ளூ சாயம் வச்சு எண்ணிப் பார்த்தேன், நீலம் ஏறாத செல்லைத் தேடித் தேடி எண்ண வேண்டியிருந்துச்சு. பத்து நாள் வச்சிருந்தேன், ஒண்ணும் ஒட்டல. திருப்பித் தரச் சொல்லி எழுதினா "டெலிவரி ஆன 24 மணி நேரத்துக்குள்ள வயபிலிட்டி ரிப்போர்ட் (எத்தனை செல் உயிரோட இருக்குன்னு கணக்கு) அனுப்பியிருக்கணும்"னாங்க, அது வெள்ளிக்கிழமை சாயங்காலம், யாருக்குத் தெரியும் அந்த விதி. அதனால சொல்றேன், திங்கள் கிழமை அனுப்பச் சொல்லுங்க, பெட்டியைத் திறக்கும்போதே போன்ல வீடியோ எடுங்க, ட்ரை ஐஸ் எவ்வளவு மிச்சம்னு போட்டோ எடுங்க, வயல் கையில வந்த அன்னைக்கே எண்ணி மெயில் போட்டுடுங்க. சென்னை வெயில்ல ஒரு நாள் தாமதம்ங்கிறது சின்ன விஷயம் இல்ல.

காசு போச்சு, எங்க கைடு மேடம் முகத்தைப் பார்க்க முடியல. அப்ப தான் தெரிஞ்ச ஒரு லேப்ல இருந்து ஒரு அண்ணன் "எங்க கிட்ட ஏ375 இருக்கு, ஒரு ஃபிளாஸ்க் தர்றேன்"னாரு. நல்ல மனசோட தான் குடுத்தாரு, அவர் மேல எனக்கு வருத்தம் எதுவும் இல்ல. ஓரம் வரைக்கும் மீடியா ஊத்தி, மூடியை இறுக்கி, பாராஃபிலிம் சுத்தி, பையில வச்சு பஸ்ல எடுத்துட்டு வந்தேன். நல்லா தான் வளர்ந்துச்சு. மீடியா கலங்கல, மைக்ராஸ்கோப்ல எந்த அழுக்கும் தெரியல. ஆனா ஒவ்வொரு தடவையும் எம்டிடி (எவ்வளவு செல் உயிரோட இருக்குன்னு சாயம் வச்சுப் பார்க்கிற டெஸ்ட்) ரிசல்ட் ஒவ்வொரு மாதிரி வருது, அதுவும் வளர்ச்சி வேகம் கொஞ்சம் கொஞ்சமா குறையுது. நாலு மாசம் என் கை தான் சரியில்லன்னு நினைச்சுக்கிட்டு பிப்பெட்டைக் காலிப்ரேட் பண்ணேன், ராத்திரி எல்லாம் உட்கார்ந்து திரும்பத் திரும்ப பண்ணேன். கடைசியில சீனியர் அக்கா சொல்லி மைக்கோபிளாஸ்மா கிருமி இருக்கான்னு பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கிற டெஸ்ட்) பண்ணா, பேண்ட் பளிச்சுன்னு நிக்குது.

மைக்கோபிளாஸ்மா பத்தி புதுசா வர்றவங்களுக்கு யாரும் அழுத்திச் சொல்றதில்ல, அதனால நான் சொல்றேன். அது ஒரு வகை பாக்டீரியா, ஆனா அதுக்கு செல் சுவர் கிடையாது, அதனால நாம போடுற பெனிசிலின் அதை ஒண்ணும் பண்ணாது. ரொம்பச் சின்னது, நெளிஞ்சு கொடுக்கும், 0.22 மைக்ரான் ஃபில்டர்லயே நுழைஞ்சு போயிடும். சாதாரண மைக்ராஸ்கோப்ல தெரியாது, மீடியாவைக் கலக்காது. சத்தம் இல்லாம செல்லோட சாப்பாட்டைத் தின்னுக்கிட்டு, ஜீன் வேலை செய்யுற விதத்தையே மாத்திக்கிட்டு கூடவே இருக்கும். பிசிஆர் பண்ணனும், இல்லன்னா ஹோக்ஸ்ட் சாயம் போட்டுப் பார்க்கணும், நியூக்ளியஸுக்கு வெளியில புள்ளி புள்ளியா மின்னினா முடிஞ்சது கதை. அந்த நாலு மாச டேட்டா அத்தனையும் எடுத்து ஓரமா வச்சேன். இன்குபேட்டரைக் காலி பண்ணி, ஹூடைக் கழுவி, திறந்து வச்சிருந்த மீடியா பாட்டில் அத்தனையும் கொட்டினோம். நீங்க யார் கிட்ட செல் வாங்கினாலும் முதல் வேலை தனி இன்குபேட்டர்ல, அது இல்லன்னா தனி தட்டுல வச்சு, டெஸ்ட் பண்ணிட்டு தான் மத்த செல்ஸோட சேர்க்கணும். அப்புறம் மாசம் ஒரு தடவை.

அதே மாதிரி எஸ்டிஆர் டெஸ்ட். மனுஷனுக்கு தகப்பன் யாருன்னு பார்க்கிற அதே முறையில செல்லோட அடையாளத்தைப் பார்க்கிறது. "எங்க லேப்ல பத்து வருஷமா ஏ375னு தான் வச்சிருக்கோம்"னு சொல்றது அடையாளம் ஆகாது. எம்டிஏ-எம்பி-435னு ஒரு செல் லைன், பல வருஷம் உலகம் பூரா மார்பகப் புற்றுநோய்ன்னு நினைச்சு அதுல வேலை பண்ணாங்க, பேப்பர் பேப்பரா போட்டாங்க, கடைசியில பார்த்தா அது எம்14ங்கிற மெலனோமா லைன். மார்புல வேலை பண்றோம்னு நினைச்சுக்கிட்டு தோல் கேன்சர்ல வேலை பண்ணியிருக்காங்க. ஹீலாங்கிற இன்னொரு கேன்சர் லைனோட செல்ஸ் புகுந்து கெடுத்த லைன்கள் எத்தனையோ. அதனால மூணாவது தடவை நாங்க ரெபாசிட்டரியில இருந்து முறையா வாங்கினோம், வந்ததும் ஒரு தடவை எஸ்டிஆர், உறைய வச்சு பேங்க் பண்ணதும் ஒரு தடவை. இன்னிக்கு வரைக்கும் அந்த பேட்ச் தான் ஓடுது. புனேல என்சிசிஎஸ்ல தேசிய செல் ரெபாசிட்டரி இருக்கு, நம்ம ஊர் ஸ்காலர்ஸ் நிறைய பேர் அங்க தான் எழுதிப் போடுவாங்க, உங்க கைடு கிட்ட முதல்ல அதைக் கேளுங்க.

செலவைப் பத்தி. செல் ஒரு தடவை செலவு, எஃப்பிஎஸ் தான் மாசா மாசம் ரத்தத்தை உறிஞ்சும். ஜேஆர்எஃப் (பிஎச்டி பண்றவங்களுக்குக் கிடைக்கிற ஃபெலோஷிப்) ஸ்டைபண்ட் மாசம் 37,000, வெளிநாட்டு பிராண்ட் எஃப்பிஎஸ் 500 எம்எல் பாட்டில் நாங்க கடைசியா வாங்கினப்ப அதைத் தாண்டிடுச்சு. வந்ததும் 50 எம்எல் 50 எம்எல்லா பிரிச்சு மைனஸ் 20ல வச்சிடுங்க, கரைச்சதைத் திரும்ப உறைய வைக்காதீங்க. ஏ375 கொஞ்சம் சுமாரான சீரத்துலயும் வளரும், அதை நம்பி நடுவுல பிராண்டை மாத்தாதீங்க, பேட்ச் மாறினாலே வளர்ற வேகம் மாறும், ரெண்டு மாசத்து டேட்டா ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகாது.

ஐப்பசி கார்த்திகை வந்தா ஃபங்கஸ். சென்னையில செல் கல்ச்சர் பண்ற எல்லாருக்கும் இது தெரியும். மழை பிடிச்சதும் ரூமுக்குள்ள ஒரு ஈர வாடை வரும், ரெண்டு நாள் கழிச்சு ஃபிளாஸ்க்குல பஞ்சு மாதிரி வெள்ளையா ஒண்ணு மிதக்கும். எங்களுக்கு அது ஏசி ஃபில்டர்ல இருந்தும், கல்ச்சர் ரூமுக்குள்ள அடுக்கி வச்சிருந்த அட்டைப் பெட்டியில இருந்தும் வந்துச்சு. அட்டைப் பெட்டியை வெளியிலயே பிரிச்சிடுங்க, உள்ள கொண்டு போகவே கூடாது. இன்குபேட்டர் அடியில இருக்கிற தண்ணித் தட்டை வாரம் ஒரு தடவை கழுவி, ஆட்டோக்ளேவ் பண்ண டிஸ்டில்டு வாட்டர் ஊத்துங்க. எங்க லேப்ல அந்த வேலையைப் பார்த்துக்கிற அண்ணன் ஒருத்தர் இருக்காரு, அவர் லீவு போட்ட மாசம் தான் எங்களுக்கு ஃபங்கஸ் வந்துச்சு. அவரோட வேலையும் சேர்ந்து தான் என் தீசிஸ்.

இப்ப ட்ரிப்சின் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. இது சீக்கிரம் கழண்டு வந்துடும், 37 டிகிரியில ரெண்டு நிமிஷம் போதும். அஞ்சு நிமிஷம்னு புரோட்டோகால்ல எழுதியிருக்குன்னு விட்டுட்டு போனா அப்புறம் எல்லாம் கூழ் மாதிரி கட்டி கட்டியா வரும். ஃபிளாஸ்க்கைக் கையால தட்டித் தட்டிக் கழட்டுற பழக்கமும் வேணாம். இன்னொண்ணு, வேகமா வளருதுன்னு திங்கக்கிழமை வரைக்கும் அப்படியே விட்டுட்டு ஊருக்குப் போயிடாதீங்க. மீடியா மஞ்சளாகி, செல் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, சனி ஞாயிறு பட்டினி கிடந்து உயிரோட மிச்சம் வர்றது வேற கூட்டம், நீங்க ஆரம்பிச்ச கூட்டம் இல்ல. நான் வாரத்துல ரெண்டு தடவை ஒண்ணுக்கு ஆறு ஸ்ப்ளிட் பண்ணுவேன், அதாவது ஒண்ணை ஆறாப் பிரிச்சு வளர்ப்பேன், இப்படிப் பிரிக்கிறது 20 தடவை (20 பாசேஜ்) தாண்டினா அதைத் தூக்கிப் போட்டுட்டு புது வயல் எடுப்பேன்.

வயல்னு சொன்னதும் மிக்ஜாம் புயல் தான் ஞாபகம் வருது. 2023 டிசம்பர். வெமுராஃபெனிப் மருந்துக்கு அசையாத ஏ375 ஒண்ணை உருவாக்கணும்னு ஏப்ரல்ல ஆரம்பிச்சிருந்தேன். இந்த செல்லுல பிராஃப் ஜீன்ல வி600ஈன்னு ஒரு மாற்றம் இருக்கு, 600ஆவது இடத்துல வேலின் இருக்க வேண்டிய இடத்துல குளுட்டமேட். அந்த ஒரு மாற்றத்தால தான் "வளரு வளரு"ன்னு சிக்னல் நிக்காம ஓடிட்டே இருக்கு. மெலனோமா நோயாளிகள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு பிராஃப் மாற்றம் இருக்குங்கிறதை 2002ல கண்டுபிடிச்சாங்க, அதைக் குறி வச்சு வந்த வெமுராஃபெனிப்புக்கு 2011ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. நோயாளிக்கு முதல்ல கட்டி கரையும், ஆனா பல பேருக்கு சில மாசத்துலயே திரும்ப வந்துடும். ஏன் திரும்ப வருதுன்னு பார்க்க தான் லேப்ல மருந்துக்குப் பழகின செல் வேணும். 100 நானோமோலார்ல ஆரம்பிச்சு, செத்தது போக மிச்சம் வளர விட்டு, கொஞ்சம் ஏத்தி, திரும்ப விட்டு, இப்படியே 2 மைக்ரோமோலார் வரைக்கும் கொண்டு வர ஏழு மாசம் ஆச்சு. நவம்பர் கடைசியில தான் ரெண்டே ரெண்டு வயல் ஃப்ரீஸ் பண்ணி திரவ நைட்ரஜன்ல வச்சேன்.

டிசம்பர் 3 ராத்திரி பிடிச்ச மழை, 4ஆம் தேதி காலையில வேளச்சேரியில எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி, கரண்ட் இல்ல, டவர் இல்ல. லேப்ல ஜெனரேட்டர் ஓடுதான்னு கேட்க கூட வழி இல்ல. 6ஆம் தேதி தான் போய்ச் சேர முடிஞ்சுது. இன்குபேட்டர் கதவைத் திறந்தா உள்ள ரூம் சூடு தான் இருக்கு, சிஓ2 இல்லாம மீடியா எல்லாம் அடர் பிங்க்கா மாறி கிடக்கு, மைக்ராஸ்கோப்ல வச்சா எல்லாம் உருண்டு மிதக்குது. ஏழு மாசம். அப்புறம் நைட்ரஜன் கேன் கிட்ட போனேன். அதுக்கு கரண்ட் தேவையில்ல, ஆனா தினமும் கொஞ்சம் ஆவியாகிட்டே இருக்கும், புயலுக்கு முந்தின வாரம் நிரப்ப வேண்டிய வண்டி வரல. மூடியைத் திறந்து நீள ஸ்கேலை அடி வரைக்கும் விட்டு எடுத்து காத்துல ஆட்டினேன், பனி படிஞ்சு வெள்ளையா நின்ன அளவு நாலு விரல். நாலு விரல் நைட்ரஜன்ல என் ரெண்டு வயலும் தப்பிச்சுது. அந்த வெள்ளைக் கோட்டை இன்னிக்கும் கண்ணை மூடினா பார்ப்பேன். இப்ப எது புதுசா உருவானாலும் முதல் வாரமே பத்து வயல், ரெண்டு கேன்ல பாதிப் பாதி. ஒரு வயலுக்கு 10 லட்சம் செல், 90 சதவீதம் எஃப்பிஎஸ், 10 சதவீதம் டிஎம்எஸ்ஓ (உறையும்போது செல்லைக் காப்பாத்துற திரவம்), நிமிஷத்துக்கு ஒரு டிகிரி இறங்குற மாதிரி ஐசோபுரொப்பனால் டப்பாவுல மைனஸ் 80ல ஒரு ராத்திரி, மறுநாளே நைட்ரஜன். எடுக்கும்போது 37 டிகிரி தண்ணியில ரெண்டு நிமிஷத்துக்குள்ள, பயறு அளவு ஐஸ் மிச்சம் இருக்கும்போதே வெளிய எடுத்துடுங்க. ஏ375 இதை எல்லாம் நல்லா தாங்கும், மறுநாளே ஒட்டிடும்.

இப்ப கொஞ்சம் கசப்பான விஷயம். நம்ம பக்கம் இந்த செல் வாங்குற நிறைய பேர் மூலிகைச் சாறு ஊத்திப் பார்க்கத் தான் வாங்குறாங்க. நிலவேம்பு, சிறுகுறிஞ்சான், கண்டங்கத்தரின்னு எதையாவது எடுத்து எம்டிடி பண்ணி, செல் செத்துச்சுன்னு எழுதிட்டா ஒரு பேப்பர். நம்ம மூலிகை மேல எனக்கு மரியாதை இருக்கு, அதனால தான் சொல்றேன், இப்படி பண்றது அந்த மூலிகைக்கே செய்யுற அநியாயம். எம்டிடில மஞ்சள் நிறச் சாயத்தை உயிரோட இருக்கிற செல் ஊதா ஃபார்மசான் படிகமா மாத்தும், அதை டிஎம்எஸ்ஓல கரைச்சு 570 நானோமீட்டர்ல படிக்கிறோம். ஆனா சாறுல இருக்கிற ஆன்டிஆக்சிடன்ட் பொருளே செல் இல்லாம கூட அந்த சாயத்தை ஊதாவா மாத்திடும், சாறோட சொந்த நிறமும் ரீடிங்ல ஏறும். பிளேட்ல ஒரு வரிசைக் குழியில (வெல்) செல் போடாம சாறை மட்டும் ஊத்தி வைங்க, அங்கயும் ஊதா வந்தா உங்க நம்பரை நம்பாதீங்க. ட்ரிபான் ப்ளூ வச்சு எண்ணுங்க, கிரிஸ்டல் வயலட் போடுங்க, மைக்ராஸ்கோப்ல கண்ணால பாருங்க. "நார்மல் செல்லை ஒண்ணும் பண்ணல"ன்னு ஹாகேட்ங்கிற தோல் செல் லைனை வச்சு எழுதுறதும் அப்படித் தான். அது மெலனோசைட்டே இல்ல, கெரட்டினோசைட் (தோலோட மேல் அடுக்கு செல்), அதுலயும் செல் கேன்சராகாம தடுக்கிற பி53 ஜீன் கெட்டுப் போன, சாகாம வளர்ற லைன். 1988ல ஜெர்மனியில உருவாக்கினது. ஒப்பிட்டுப் பார்க்க வச்சுக்கலாம், நார்மல் தோல்னு சொல்ல முடியாது.

நான் இந்த வேலைக்கு வந்ததுக்குக் காரணம் எங்க ஆயா. குதிங்கால்ல கருப்பா ஒரு புள்ளி, முள் குத்தினதுன்னாங்க, அப்புறம் கால் ஆணின்னாங்க. எருக்கம்பால் வச்சாங்க, பிளேடால சீவினாங்க, அது ஆறவே இல்ல. நாலு வருஷம் அப்படியே வயக்காட்டுல நடந்தாங்க. "கால்ல தானடி இருக்கு, இதுக்கா ஆஸ்பத்திரி"ன்னு கேட்டாங்க. தொடை இடுக்குல நெறி கட்டினப்புறம் தான் சென்னைக்குக் கூட்டிட்டு வந்தோம், அதுக்குள்ள பரவிடுச்சு. 2019ல போயிட்டாங்க. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில வர்ற இந்த வகைக்கு ஏக்ரல் மெலனோமான்னு பேர். வெள்ளைக்காரங்களுக்கு மெலனோமா பெரும்பாலும் வெயில் பட்ட தோல்ல வரும், நமக்கும் மத்த ஆசிய ஆப்பிரிக்க மக்களுக்கும் வர்ற மெலனோமால ஏக்ரலோட பங்கு ரொம்ப அதிகம், இதுக்கு வெயில் பெரிய காரணமும் இல்ல. பாப் மார்லி 36 வயசுல செத்தது கால் விரல்ல வந்த இதே வகையால தான். இதுல பிராஃப் வி600ஈ கம்மியா தான் இருக்கும், சிலதுல கிட்ங்கிற வேற ஜீன் கெட்டிருக்கும்.

ஏ375 பத்தி என்னோட பெரிய குறை இங்க தான் இருக்கு. செல் மேல தப்பு இல்ல, அது தன்னை மறைக்கல. நாம தான் அது மேல ஒரு மருந்து வேலை செஞ்சா மெலனோமாவுக்கே வேலை செய்யும்னு எழுதிடறோம். எங்க ஆயா குதிங்கால்ல இருந்தது இது இல்ல. கால்ல செருப்பு இல்லாம வயல்ல நடக்குறவங்களுக்கு வர்ற நோய்க்கு லேப்ல வளர்ற லைன் உலகத்துலயே கொஞ்சம் தான், அதுல எதுவும் என் கைக்கு இன்னும் வரல. அதனால தான் ஒரு ஆஸ்பத்திரியோட சேர்ந்து, எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கி, நோயாளி கையெழுத்தோட, ஆபரேஷன்ல எடுத்த துணுக்குல இருந்து நாங்களே வளர்க்கப் பார்க்கிறோம். குளிர்ந்த மீடியாவுல ஆன்டிபயாட்டிக் போட்டு ஐஸ் பெட்டியில கொண்டு வருவோம், ரெண்டு பிளேடு வச்சு மிளகு அளவுக்கு நறுக்கி, கொலாஜனேஸ் என்சைம்ல கரைச்சு போடுவோம். நாலு தடவை பண்ணியாச்சு. ரெண்டு தடவை பாதத்துத் தோல்ல இருந்து வந்த பாக்டீரியா மறுநாளே கலக்கிடுச்சு. மூணாவது தடவை பத்து நாள் சின்னச் சின்னதா கரும்புள்ளியோட செல்ஸ் இருந்துச்சு, அதைச் சுத்தி ஃபைப்ரோபிளாஸ்ட் (கேன்சர் இல்லாத, தோலைத் தாங்குற சாதாரண செல்) புல்லு மாதிரி முளைச்சு மூணு வாரத்துல முழுக்க மூடிடுச்சு. நாலாவதும் அதே கதை. ஏ375 எவ்வளவு பெரிய வரம்னு அப்ப தான் முழுசா புரிஞ்சுது. 1973ல அந்தக் கட்டியை நறுக்கிப் போட்டவங்களுக்கும் எத்தனை ஃபிளாஸ்க் போயிருக்குமோ.

சரி, யாருக்கு வாங்கச் சொல்வேன். செல் கல்ச்சர் கத்துக்கணும், மெலனோமால பிராஃப் பாதையைப் பார்க்கணும், மருந்துக்கு எதிர்ப்பு எப்படி வருதுன்னு பார்க்கணும், ஸ்ஃபீராய்டு (செல்ஸ் சேர்ந்து உருண்டையா வளர்ற குட்டிக் கட்டி) பண்ணனும், இதுக்கெல்லாம் அஞ்சுக்கு அஞ்சு, யோசிக்காம வாங்குங்க. அகரோஸ் பூசின 96 வெல் பிளேட்ல போட்டா சில நாள்ல அழகா உருண்டையா திரண்டு வரும். ஒரே லைன்ல மட்டும் பண்ணாதீங்க, எஸ்கே-மெல்-28 சேர்த்துக்கோங்க, அதுலயும் வி600ஈ இருக்கு, அதனால பிராஃப் மாற்றம் இல்லாத ஒண்ணும் கூட வேணும். ஸ்குவாமஸ் வகைத் தோல் கேன்சர்னா ஏ431 பாருங்க, அது 85 வயசு அம்மா கிட்ட இருந்து எடுத்தது, வளர்ச்சி சிக்னலை வாங்குற இஜிஎஃப்ஆர் புரதம் எக்கச்சக்கமா இருக்கும். நம்ம ஊர் கால் மெலனோமாவைப் பத்தி ஏதாவது சொல்லணும்னு இருந்தா ஏ375ஐ மட்டும் வச்சு அந்த வரியை எழுதாதீங்க.

என் கிட்ட ஒரு வயல் குடுங்கன்னு கேட்காதீங்க, எம்டிஏ (செல்லை வெளிய குடுக்க மாட்டோம்னு போடுற ஒப்பந்தம்) கையெழுத்து போட்டு வாங்கினது, வெளிய குடுக்க முடியாது, குடுத்தா என்ன ஆகும்னு மேலயே சொல்லிட்டேன். ஆனா கத்துக்க வரலாம். செவ்வாயும் வெள்ளியும் காலையில பத்து மணிக்கு ஸ்ப்ளிட் பண்ணுவேன், உங்க கைடு கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு, சொந்த லேப் கோட் எடுத்துட்டு வாங்க, வந்ததும் முதல்ல மைக்ராஸ்கோப்ல அந்த ஷேப்பைக் காட்டறேன்.